பன்னிரண்டு பேர், இரண்டு பாத்ரூம், நான்கு ராத்திரி

பாளையங்கோட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. 23ஆம் தேதி காலை ரயிலில் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் நான்கு பேர், அன்றே பெங்களூரிலிருந்து எட்டு மாதக் குழந்தையோடு கொழுந்தன் குடும்பம் மூன்று பேர், சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மாமனார், மாமியார். ஏற்கெனவே வீட்டில் இருப்பது நீங்கள் மூன்று பேர். எல்லோரும் 27ஆம் தேதி சாயங்காலம்தான் கிளம்புகிறார்கள். இதுவரை ஊரில் நடந்த கிறிஸ்துமஸ் இந்த வருடம் முதல்முறையாக உங்கள் வீட்டில். திரைச்சீலை மாற்ற வேண்டுமா, சோபாவுக்குப் புது உறை போட வேண்டுமா, ஹாலுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி திரைச்சீலையைப் பற்றி இருந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன்: இந்தச் சின்ன வீடு பன்னிரண்டு பேரை நான்கு ராத்திரி தாங்குமா, ஒருவருக்கும் மனக்கசப்பு வராமல் அனுப்பி வைக்க முடியுமா?

தாங்கும். நான் கேட்டரிங் கல்லூரியில் படித்து, ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் பல வருடம் வேலை பார்த்த ஆள். இப்போது நாகர்கோவில் பக்கத்தில் சுற்றுலா வருபவர்களுக்கு வீட்டோடு சேர்த்து சில அறைகள் வாடகைக்கு விடுகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன். தங்கிப் போனவர்கள் குறை சொல்வது தண்ணீர், கழிப்பறை, தூக்கம் இந்த மூன்றைப் பற்றித்தான். திரைச்சீலை நிறம் சரியில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் உங்கள் பணத்தையும் நேரத்தையும் இந்த மூன்றில் முதலில் போடுங்கள். திரைச்சீலையைத் துவைத்து மாட்டினால் போதும். சோபா உறை இந்த வருடம் வேண்டாம், எட்டு மாதக் குழந்தையும் மூன்று சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் புது உறை நான்கு நாளில் பழசாகிவிடும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி வைத்திருக்கும் அளவு. பன்னிரண்டு பேருக்கு 1,620 லிட்டர் ஆகிறது. உங்கள் மாடித்தொட்டி 1,000 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்கு அது இரண்டு நாளுக்கு மேல் வரும், அதனால் தொட்டி காலியாகி நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். விருந்தாளிகள் துணி துவைக்க மாட்டார்கள் என்று வைத்து ஆளுக்கு 100 லிட்டராகக் குறைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு தொட்டிக்கு மேல் போகும். ஆகவே காலை ஒருமுறை, இரவு ஒருமுறை மோட்டார் போட வேண்டும். அதை யார் போடுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள், எல்லோரும் போடலாம் என்றால் ஒருவரும் போட மாட்டார்கள். கீழே சம்பு எவ்வளவு கொள்ளும், மாநகராட்சித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் தங்கப் போகிறார்கள் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 25ஆம் தேதி காலையில் தண்ணீர் நின்ற பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கூடுதலாக ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பதாக இருந்தால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டிசம்பர் மழைக்காலம் வேறு. நவம்பர் கடைசியில் பிடித்து வைத்துவிட்டு கிறிஸ்துமஸ் வரை திறந்து பார்க்காமல் இருந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் கொசு வந்து உட்கார்ந்திருக்கும். 21, 22ஆம் தேதி டிரம்மைத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் பிடித்தால் போதும்.

அடுத்தது யாரும் பேச விரும்பாத செப்டிக் டேங்க். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். இல்லையென்றால், கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டி. நிறைய வீடுகளில் நிரம்பி வழியும்போதுதான் ஞாபகம் வரும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது டேங்கிலிருந்து தண்ணீர் வெளியே உறிஞ்சப்படுவது குறையும், அந்த நேரம் பார்த்து ஆட்கள் நான்கு மடங்கானால் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். இப்போதே மெதுவாக இறங்குகிறது என்றால் அது எச்சரிக்கை. டிசம்பர் பத்துக்குள் லாரியைக் கூப்பிட்டுவிடுங்கள். பண்டிகை வாரத்தில் லாரியும் கிடைக்காது, பிளம்பரும் கிடைக்க மாட்டார். அதே வாரத்தில் சொட்டும் குழாய்க்கு வாஷர், ஒழுகும் ஃப்ளஷ் டேங்க், தாழ்ப்பாள் சரியாக விழாத பாத்ரூம் கதவு இவற்றையும் முடித்துவிடுங்கள். தாழ்ப்பாள் சின்ன விஷயம் போலத் தெரியும். வீட்டுக்காரர்களுக்குக் கதவை எப்படி அழுத்தினால் பூட்டும் என்று பழகியிருக்கும், வருபவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பாத்ரூமிலும் மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று வையுங்கள். பெண்கள் சங்கடப்படாமல் இருக்கவும், டயப்பரும் ஈரத்தாளும் கழிப்பறைக்குள் போகாமல் இருக்கவும் அது ஒன்றே வழி.

பாத்ரூம் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும், அல்லது ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைப் பாதிக்கிற அளவுக்குப் போகலாம். பண்டிகைக்கு முன்னால் 'நல்லா பளிச்சுன்னு ஆகட்டும்' என்று இரண்டையும் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, வேறொரு நாள் இன்னொன்று. பாட்டில்களைக் குழந்தை கைக்கு எட்டாத பரணில் வையுங்கள், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

இனி 25ஆம் தேதி அதிகாலை. நான்கரை மணி ஆராதனை என்று எழுதியிருக்கிறீர்கள், கோயில் பக்கம்தான் என்பதால் நாலேகாலுக்குக் கிளம்பினால் போதும். குழந்தையை விட்டுவிட்டால் பதினொரு பேர். ஆளுக்குக் கால் மணி நேரம், இரண்டு பாத்ரூம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். இது கழிப்பறைக்கு மட்டும் நிற்பவர்களைச் சேர்க்காத கணக்கு. வெந்நீர் இன்னும் இறுக்கம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு 15 லிட்டர் கீசர். 2 கிலோவாட் கீசர் என்றால் சாதாரணத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இருபது நிமிடம் போல ஆகும். அந்தச் சூட்டோடு பச்சைத்தண்ணீர் கலந்தால் குளிக்கிற பதத்தில் இரண்டு வாளி கிடைக்கும். அதாவது இருபது நிமிடத்துக்கு இரண்டு பேர். பதினொரு பேரும் வெந்நீர் கேட்டால் இரண்டு மணி நேரம் வேண்டும், முதல் ஆள் இரண்டு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். நடக்கிற காரியமில்லை. அதனால் பிள்ளைகளையும் உங்கள் கணவர், கொழுந்தன் இரண்டு பேரையும் 24ஆம் தேதி இரவே குளிக்க வைத்துவிடுங்கள். மிச்சம் ஆறு பேர், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலும் மாமனார், மாமியாருக்கு முதல் வெந்நீர். ஒரு பெரிய பாத்திரத்தில் அடுப்பிலும் கொஞ்சம் காய வைத்தால் கீசருக்காகக் காத்து நிற்க வேண்டாம், ஆனால் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலில் படுத்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டிப் போகாதீர்கள். வாளியை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து அங்கேயே கலந்து எடுத்துப் போகட்டும்.

துணி இஸ்திரி போடுவதும் 24ஆம் தேதி சாயங்காலமே முடிய வேண்டும். நேரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கீசர், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 5 கிலோவாட்டைத் தொட்டுவிடும், பழைய வீட்டு ஒயரிங் அதைத் தாங்குமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, மெயின் போர்டையும், நட்சத்திரத்துக்கும் சீரியல் விளக்குக்கும் எடுக்கிற இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போர்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளியில் தொங்கும் நட்சத்திரத்தின் ஒயர் இணைப்பு மழை படாத இடத்தில் இருக்க வேண்டும், டேப் சுற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. குடிலுக்குள் வைக்கோல் போடுபவராக இருந்தால் உள்ளே எல்இடி விளக்கு மட்டும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், ராத்திரி படுக்கும்போது குடில் விளக்கையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பக்கத்தில்தான் ஐந்து பேர் படுத்திருப்பார்கள்.

யார் எங்கே படுப்பது என்பதுதான் குடும்பங்களில் உண்மையாகவே மனக்கசப்பு வருகிற இடம். இதில் சரியான விடை என்று ஒன்று கிடையாது, நான் சொல்வது என் தீர்மானம், உங்கள் வீட்டு மனிதர்களை நீங்கள்தான் அறிவீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் அறை மாமனார், மாமியாருக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் ராத்திரி ஹாலைத் தாண்டிப் போகக் கூடாது. நாத்தனாரின் மூத்த மகளும் அந்த அறையிலேயே தாத்தா பாட்டியோடு கீழே படுக்கலாம். இரண்டாவது அறையில் கொழுந்தன் மனைவியும் கைக்குழந்தையும், கூடவே நாத்தனாரும். பால் கொடுக்கிற பெண்ணுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கட்டாயம் வேண்டும். பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணை ஹாலில் படுக்க வைத்தால், அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் மனதில் நிற்கும். ஹாலில் ஆண்கள் மூன்று பேரும், பையன்கள் இரண்டு பேரும். குழந்தை ராத்திரி அழுதால் கொழுந்தன் எழுந்து போகட்டும், அதில் தப்பொன்றும் இல்லை. சரி, இப்போது எண்ணிப் பாருங்கள், பதினொரு பேர்தான் வருகிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் எல்லோருக்கும் இடம் போட்டிருந்தீர்கள், உங்களுக்கு மட்டும் போடவில்லை. அடுப்பங்கரைத் தரையில் ஒரு மூலையில் என்று மனதில் வைத்திருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். இரண்டாவது அறையில் நாத்தனார் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு மெத்தை. நான்கு நாள் ஒழுங்காகத் தூங்காமல் அடுப்படியில் நிற்கிறவர் மூன்றாம் நாள் யார் மேலாவது எரிந்து விழுவார், அது மனித இயல்பு.

படுக்கைக்குப் புதிதாகக் கட்டில், மெத்தை வாங்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை, அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். ஆனால் டிசம்பரில் தரை ஈரம் கோத்துக் கிடக்கும். டைல்ஸ் தரையில் நேராக மெத்தை போட்டால் காலையில் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். கீழே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம், அப்புறம் மெத்தை. பத்தமடை பக்கத்திலேயே இருக்கிற ஊரில் பாய்க்குப் பஞ்சம் இருக்காது. மெத்தைகளையும் தலையணைகளையும் வெயில் அடிக்கிற நாள் கிடைத்தால் அன்றே மொட்டை மாடியில் போட்டுவிடுங்கள், 22ஆம் தேதி காய வைக்கலாம் என்று வைத்தால் அன்றைக்குத்தான் மழை பெய்யும். போர்வை, விரிப்புகளை பீரோவிலிருந்து ஒரு வாரம் முன்பே எடுத்துத் துவைத்துவிடுங்கள். அந்துருண்டை வாடையோடு கைக்குழந்தைக்குப் போர்த்த வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் உருண்டையின் ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். தங்கள் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

ஹோட்டலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பழக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். அறையைத் தயார் செய்த பிறகு, விருந்தாளி படுக்கும் இடத்தில் நீங்களே படுத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத ஒட்டடை படுத்தால் தெரியும். ஒரு ராத்திரி உங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். தெருவிளக்கு ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கிறதா, ஃபிரிட்ஜ் சத்தம் எவ்வளவு, யாராவது பாத்ரூம் விளக்கைப் போட்டால் எல்லோரும் விழித்துக்கொள்வார்களா, கொசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, போன் சார்ஜ் போட எங்கே எழுந்து போக வேண்டும், இதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன நைட்லாம்ப், பாத்ரூம் வாசலில் வழுக்காத மிதியடி, உள்ளே ஈரத்தரையைத் துடைக்க ஒரு வைப்பர். வயதானவர்கள் எளிதில் வழுக்கி விழக்கூடிய இடம் இந்த நாலடித் தூரம். ஈரத்துண்டுகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். பன்னிரண்டு துண்டு மழை நாளில் காய வேண்டுமென்றால் மொட்டை மாடி உதவாது, கார் ஷெட்டிலோ பின்கட்டிலோ கூரைக்கு அடியில் இரண்டு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாக் கதவு மேலும் துண்டு தொங்கும், இரண்டாம் நாளே வீடு பூசணம் பூத்த வாடை அடிக்கும். துண்டும் போர்வையும் அவரவர் கொண்டுவரட்டும் என்று போனில் சொல்வதில் தயக்கம் வேண்டாம், நம் வீடுகளில் அது சாதாரணம்தான்.

மாமனாருக்கு இன்சுலின் ஊசி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஃபிரீசருக்குள்ளும் அதை ஒட்டிய தட்டிலும் வைக்காமல், ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தனியாக வையுங்கள். கறிப் பைகளுக்கு நடுவில் அது காணாமல் போகக் கூடாது. பயன்பாட்டில் இருப்பதை எப்படி வைப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அவருடைய அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் பக்கத்து வழக்கம், ஆசை புரிகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடியாத நேரத்தில் ஈரம் ஏறிய சுவரில் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் விட்டு உரியும். எனாமல் பெயிண்ட் காய நாளாகும், வாடை குழந்தைக்கும் ஆகாது. வாடகை வீடு வேறு. வாசல் கேட்டுக்கும் முன்கதவுக்கும் மட்டும், அதுவும் டிசம்பர் முதல் வாரத்துக்குள், ஒரு கோட்டிங் அடித்தால் வீடே புதிதாகத் தெரியும். ஹால் சுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட முடியவில்லை. பலகாரம், அதாவது முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து, எல்லாம் 21ஆம் தேதிக்குள் முடிந்து டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற தட்டுகளுக்கான பங்கை முதலிலேயே தனி டப்பாவில் பிரித்து மூடி வையுங்கள், பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில். 23ஆம் தேதி காலை ரயிலில் இறங்கி வருபவர்களுக்கு முதலில் வேண்டியது பாத்ரூம், அப்புறம் காபி, அதற்குப் பிறகுதான் இட்லி. வந்த உடனே வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டிசம்பர் குளிரில் மாவு பொங்க நேரமாகும், வழக்கத்தைவிட முன்னதாக அரைத்துவிடுங்கள். ஆளுக்கு நான்கு என்று போட்டாலும் நாற்பதைத் தாண்டும், இருப்பது பதினாறு இட்லிச் சட்டி என்றால் பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி வையுங்கள். சிலிண்டர் 14.2 கிலோ, பன்னிரண்டு பேர் சமையலுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடுவதைவிட நிரம்பிய இரண்டாவது சிலிண்டர் வீட்டில் இருப்பதை உறுதி செய்வது புத்திசாலித்தனம்.

பிரியாணிக்கு ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்பது சமையல்காரர்கள் வைத்திருக்கும் தோராயம், கணக்கு அல்ல. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருப்பதாலும், அன்றைக்கு வாழ்த்துச் சொல்ல யாராவது வருவார்கள் என்பதாலும் ஒன்றே கால் கிலோ போடுங்கள். கறியை 24ஆம் தேதி காலையிலேயே வாங்கிவிடுங்கள், கடைக்காரரிடம் அதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். மாமியார் கைப்பக்குவம் பேர்போனது என்றால் பிரியாணியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் வெங்காயம் நறுக்குங்கள். அடுப்படியில் இரண்டு தலைமை சரிப்படாது.

மிச்சமாகும் பிரியாணிதான் எனக்குக் கவலை. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் மத்தியானப் பிரியாணியை மூடி வைத்து ராத்திரி சாப்பிடுவது வழக்கம், ஒன்றும் ஆகாமலும் போயிருக்கும். ஆனால் சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துக்கள் சமைக்கிற சூட்டிலும் சாகாது. வெளியில் கிடக்கும் நேரத்தில் அது உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. பன்னிரண்டு பேர், இரண்டு கழிப்பறை இருக்கிற வீட்டில் நான்கு பேருக்கு ஒரே ராத்திரியில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்காக 25ஆம் தேதி ஃபிரிட்ஜில் ஒரு தட்டு காலியாக இருக்க வேண்டும். குளிர்பான பாட்டில்களை ஐஸ் போட்ட பெரிய வாளிக்கு மாற்றினால் இடம் கிடைத்துவிடும். பிரியாணி சாப்பிடாத அக்கம்பக்கத்தார் வந்தால் கொடுக்கத் தனிப் பாத்திரத்தில் ஏதாவது சைவம், தனிக் கரண்டியோடு.

மழையை நம்ப முடியாது என்பது உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படி ஒன்று திரும்ப வரும் என்று பயமுறுத்தவில்லை. இரண்டு நாளைக்குக் கடையும் கரண்டும் இல்லாமல் சமாளிக்கிற அளவுக்கு 20 லிட்டர் குடிநீர் கேன்கள் நான்கு, அரிசி, பருப்பு, குழந்தைக்குப் பால் மாவு, மாமனார் மருந்து, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இவை இருந்தால் போதும். மழை வராவிட்டாலும் இதில் எதுவும் வீணாகாது. குப்பை வண்டி 25ஆம் தேதி வராமல் போகலாம், மூடி போட்ட பெரிய டப்பா ஒன்று வாசலுக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும்.

27ஆம் தேதி சாயங்கால ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பீர்கள் இல்லையா, அதில் கறி வேண்டாம். புளியோதரையும் அவித்த முட்டையும் போதும், முட்டையை ஓட்டோடு கொடுங்கள். பலகாரத்தை வாழையிலையில் சுற்றினால் ஈரம் ஏறி முறுக்கு நமத்துவிடும், காய்ந்த டப்பாவில் போடுங்கள். மத்தியானமே பைகளை ஹாலில் ஒரு ஓரமாக வைக்கச் சொல்லி, கயிற்றில் தொங்கும் துணி, பாத்ரூம் ஆணியில் மாட்டிய சங்கிலி, சுவரில் செருகிய சார்ஜர், ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் இந்த நான்கையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஹோட்டலில் விருந்தாளிகள் அதிகம் மறந்துவிட்டுப் போவது சார்ஜரைத்தான்.